ஒரே தெரு, இரண்டு சான்றிதழ்கள்

ஜூன் மாதம் வந்தால் ராஜபாளையத்து இ-சேவை மையங்களின் வாசலில் கூட்டம் நிற்கும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், அவர்களோடு ஒரு ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்த தாய்மார்கள். சென்ற ஆண்டு அந்தக் கூட்டத்திலிருந்து ஓர் அக்கா எங்களைத் தேடி வந்தார். நூற்பாலையில் வேலை. மகளை நர்சிங்கில் சேர்க்க வேண்டும். கையில் இரண்டு சாதிச் சான்றிதழ்கள். ஒன்று அவர் மகளுடையது. அதில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று இருந்தது. இன்னொன்று கொழுந்தன் மகளுடையது. அதில் பட்டியல் சாதி.

“ஒரே தெரு, ஒரே குழாய். ரெண்டு பிள்ளைகளும் ஒண்ணாத்தான் பள்ளிக்கூடம் போச்சு. ஊருக்குள்ள எங்களை ஏசும்போது ஒரே பேரைச் சொல்லித்தான் ஏசுறாங்க. இவ மட்டும் எப்படி வேற சாதியானா அண்ணே?”

பதில் சொல்வது கஷ்டமில்லை. அவருடைய வீட்டுக்காரர் ஞானஸ்நானம் எடுத்தவர். கொழுந்தன் எடுக்கவில்லை. அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதிலைச் சொல்லி முடித்தபோது எங்களுக்கே வெட்கமாக இருந்தது.

சான்றிதழின் தலைப்பில் தமிழக அரசின் முத்திரை இருக்கிறது. அதிலுள்ள கோபுரம் எங்கள் ஊர்க் கோபுரம்தான் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதே கோபுரத்தின் கீழே இரண்டு சகோதரர்களின் பிள்ளைகள் இரண்டு வகுப்பாகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், மாவட்ட நிர்வாகத்தின் செய்திக்குறிப்புகளை இந்தப் பக்கத்திலேயே வாசகர்கள் படித்திருப்பார்கள்: ஆதிதிராவிடர், பழங்குடியினர் மற்றும் கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்கள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று. உதவித்தொகை என்று வரும்போது இந்தப் பிள்ளை ஆதிதிராவிடர். கல்லூரி இட ஒதுக்கீட்டிலும் அரசு வேலையிலும் பிற்படுத்தப்பட்டோர். தேர்தலில் நிற்க நினைத்தால் இன்னும் சிக்கல். ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி. ராஜபாளையம் 2006 தேர்தல் வரை தனித் தொகுதியாக இருந்து, மறுசீரமைப்புக்குப் பின் 2011 முதல் பொதுத் தொகுதியானது. இரண்டும் அடங்கிய தென்காசி மக்களவைத் தொகுதியும் தனித் தொகுதி. இங்கே அண்ணன் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. தம்பி நிற்கலாம். நாளைக்கு இருவரையும் ஒருவன் சாதியைச் சொல்லி அடித்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தம்பிக்கு உண்டு. அண்ணனுக்கு இல்லை. அடித்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இது 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தியால் வந்தது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்பது அதன் சாரம். 1956இல் சீக்கியர்கள் சேர்க்கப்பட்டார்கள். 1990இல் பௌத்தர்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். இதெல்லாம் பலமுறை எழுதப்பட்டதுதான். நாங்கள் இந்த வாரம் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி: அந்த அக்காவின் கேள்விக்கும், மதுரை அரசரடியிலும் சென்னையிலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கிறிஸ்தவ இறையியலும் சபை வாழ்க்கையும் பற்றி எழுதிக் குவிக்கப்பட்டிருக்கும் ஆய்வுகளுக்கும் உள்ள தொடர்பு. தொடர்பு இருக்கிறது. அதை உருவாக்கியவர் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி.

அவர் பெயர் சூசை. சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். 1980களின் தொடக்கத்தில் சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பங்க் கடை கொடுக்கும் திட்டம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்து ஆதிதிராவிடர்களுக்குக் கிடைத்தது. கிறிஸ்தவரான சூசைக்கு இல்லை. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 செப்டம்பர் 30 அன்று தீர்ப்பு வந்தது. தோற்றார்.

எப்படித் தோற்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். மதம் மாறிய பிறகும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது என்றது நீதிமன்றம். இந்து சமூகத்தில் இருந்த இழிவும் இடர்ப்பாடும் புதிய மதத்திலும் அதே கொடுமையோடு தொடர்கின்றன என்று நிறுவ வேண்டும். அதற்கு அதிகாரபூர்வமான, விரிவான ஆய்வு எதுவும் எங்கள் முன் வைக்கப்படவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தது. அதாவது, ஒரு செருப்புத் தொழிலாளியிடம் நீதிமன்றம் கேட்டது ஆய்வு நூலை.

சரி, ஆய்வு அப்போது இல்லவே இல்லையா? தொடங்கியிருந்தது. ஆனால் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதற்காகத் தொடங்கவில்லை. கடவுளைப் பற்றிப் பேசுவதற்காகத் தொடங்கியது.

இந்தியக் கிறிஸ்தவ இறையியல் என்று அதுவரை பாடமாக இருந்தது பெரும்பாலும் உயர்சாதியிலிருந்து வந்தவர்களின் சிந்தனை. பிரம்மபாந்தவ் உபாத்யாயா கிறிஸ்துவை வேதாந்தத்தின் மொழியில் சொல்லிப் பார்த்தார். நம் பாளையங்கோட்டைப் பக்கத்து ஏ.ஜே.அப்பாசாமி கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகக் காட்டினார். பெரிய அறிஞர்கள்தான். நாங்கள் தமிழ் முதுகலை படித்தபோது இவர்களையும், வைணவத்திலிருந்து வந்து இரட்சணிய யாத்திரிகம் எழுதிய எச்.ஏ.கிருஷ்ணபிள்ளையையும் மரியாதையோடுதான் படித்தோம். ஆனால் ஆண்டாள் பாடிய ஊரில் பிறந்தவர்களாகிய எங்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சேரியிலிருந்து சபைக்கு வந்தவனிடம், உனக்குத் தெரிந்த பக்தியின் மொழியிலேயே கிறிஸ்துவைச் சொல்கிறேன் என்றால், அது யாருடைய மொழி? ஆலயத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். பிரசங்க பீடத்தின் மேலே நடந்ததோ வேறு யாருக்கோ பதில் சொல்லும் பேச்சு.

இந்தக் கேள்வியை இறையியல் கல்லூரிக்கு உள்ளேயே கேட்டவர் மராட்டியரான அர்விந்த் பி. நிர்மல். 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அவர் ஆற்றிய உரையில் இருந்துதான் தலித் இறையியலின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அப்போது அவர் வைத்த பெயர் சூத்திர இறையியல். பிறகு சென்னை குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலுக்கென்றே ஒரு துறையை நடத்தினார். 1995இல் காலமானார். அவர் சொன்னதை எளிதாகச் சொன்னால் இதுதான்: இஸ்ரவேல் மக்கள் தங்கள் விசுவாசத்தை அறிக்கையிடும்போது கோட்பாட்டிலிருந்து தொடங்கவில்லை, நாடோடியாக அலைந்த தங்கள் முன்னோரிடமிருந்து தொடங்கினார்கள். உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. அப்படியானால் நாமும் நம் தாத்தாவிடமிருந்து, அவர் பட்ட பாட்டிலிருந்து தொடங்குவோம். துன்பம் முதலில், கோட்பாடு பிறகு.

இதைக் கேட்டு அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இயேசுவைச் சாதிக்குள் இழுக்கிறார்கள் என்றார்கள். சாதிக்குள் அவர் ஏற்கெனவே உட்காரவைக்கப்பட்டிருந்தார் என்பதை அவர்கள் பார்க்கவில்லை.

நமக்குப் பக்கத்தில் இருப்பது மதுரை அரசரடி. தமிழ்நாடு இறையியல் கல்லூரி அங்கே 1969இல் அமைந்தது. மாணவர்களைக் குடிசைப் பகுதிகளுக்கும் கிராமங்களுக்கும் அனுப்பித் தங்கிப் படிக்கவைத்த கல்லூரி அது. 1989இல் தலித் ஆதார மையம் அங்கே தொடங்கப்பட்டது. அங்கே ஆசிரியராக இருந்த ஜே.தியோபிலஸ் அப்பாவுவை அதிகம் பேர் பரட்டை என்ற பெயரால்தான் அறிவார்கள். 2005இல் மறைந்தார். தலித் இறையியலில் எங்கள் பக்கத்து மக்களின் வாயில் வந்து உட்கார்ந்தது அவருடையதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். காரணம் எளிது. மற்றவர்கள் கட்டுரை எழுதினார்கள், அவர் பாட்டுக் கட்டினார். ஐரோப்பிய ராகங்களும் கர்நாடகக் கீர்த்தனைகளும் ஒலித்த ஆலயத்துக்குள் நாட்டுப்புற இசையையும் பறையையும் கொண்டுவந்தார். வழிபாட்டு முறை முழுவதையுமே கிராமிய இசையில் அமைத்தார். தேவரீர் என்றும் கர்த்தாவே என்றும் அழைத்துப் பழகிய இடத்தில், வயல்காட்டில் கூப்பிடுவதுபோல் சாமி என்று கூப்பிடவைத்தார்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சொல் ஓர் உலை. தனித்தனி வீட்டில் தனித்தனி அடுப்பு எரியும் வரை சாதி இருக்கும். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் பகிர்ந்து உண்பதில்தான் திருவிருந்தின் பொருள் இருக்கிறது என்பது அவர் வாதம். இதை அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் விரிவாக ஆராய்ந்து 2014இல் ஒரு முழு நூலே வெளியிட்டிருக்கிறார். அதைப் படிக்கும்போது எங்களுக்கு நினைவுக்கு வந்தது அசனம். திருநெல்வேலிச் சீமையின் சபைகளில் இருக்கும் வழக்கம் அது. வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி, அண்டா அண்டாவாகச் சோறும் கறிக்குழம்பும் ஆக்கி, சபையார் அத்தனை பேரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர்ப் பகுதிகள் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தவைதான். வழக்கமும் நம்மோடு வந்துவிட்டது. அசனத்தில் ஒரே உலை உண்மைதான். ஆனால் அந்த அண்டாவில் கரண்டி போடுகிற கை யாருடையது, விறகு பிளக்கிற கை யாருடையது, முதல் பந்தியில் யார், கடைசிப் பந்தியில் யார் என்று பார்த்தால் அப்பாவு ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்பது புரியும்.

இதே காலத்தில் சத்தியநாதன் கிளார்க், செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரிகளில் தாம் ஊழியம் செய்த அனுபவத்திலிருந்து 1998இல் ஒரு நூல் எழுதினார். பறையே தலித் மக்களின் மறைநூல், எழுத்து மறுக்கப்பட்டவர்கள் கடவுளோடு பேசிய கருவி, அதனால் கிறிஸ்துவைப் பறையாகவே காணலாம் என்பது அவர் முடிவு. துணிச்சலான சிந்தனை. எங்களுக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஊர்ச் சாவுக்கு இனிப் பறையடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடி வாங்கிய கிராமங்கள் தமிழகத்தில் எத்தனையோ. அந்தக் கிராமத்துப் பெரியவரிடம் போய்க் கிறிஸ்து பறை என்றால், நான் கஷ்டப்பட்டு இறக்கிவைத்ததை ஏன் மறுபடி என் தோளில் மாட்டுகிறாய் என்று கேட்பார். எங்கள் பகுதியில் நிறைந்திருக்கும் அருந்ததியர்களின் வாழ்க்கையிலிருந்து எழுந்த இறையியலோ இன்னும் சன்னமான குரலில்தான் இருக்கிறது. இந்தக் குறைகளைச் சொல்வதால் அந்த உழைப்பைக் குறைத்துவிட முடியாது. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியாது.

பேராசிரியர்களை விட்டுவிட்டு எங்கள் ஊர்ப்பக்கம் வருவோம். உண்மையில் நீதிமன்றம் கேட்ட ஆதாரத்தைக் கண்முன் நிறுத்திய இரண்டு நூல்கள் வத்திராயிருப்புப் பக்கத்து வ.புதுப்பட்டியில் பிறந்த ஓர் அண்ணன், தங்கையிடமிருந்து வந்தன. மலையடிவாரக் கிராமம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம்.

தங்கை பாமா. கன்னியர் மடத்தில் ஏழு ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியே வந்து எழுதிய கருக்கு 1992இல் வெளிவந்தது. வெளியிட்டதும் மதுரையில் சேசு சபையினர் நடத்திய ஆய்வு மையம்தான், அதையும் சொல்ல வேண்டும். தமிழில் தலித் பெண் ஒருவரின் தன்வரலாறாக அதைக் கொண்டாடுகிறோம். சரிதான். ஆனால் அது ஓர் இறையியல் நூலும்கூட. பனங்கருக்கின் இரு பக்கக் கூர்மையை, எபிரெயர் நிருபத்தில் வரும் இருபுறமும் கருக்கான பட்டயத்தோடு சேர்த்துப் பார்த்தவர் பாமா. பயந்து, பணிந்து, பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டே இரு என்று கற்றுக்கொடுக்கப்பட்ட சிறுமி, வளர்ந்து தானே விவிலியத்தைப் படிக்கும்போது நீதிக்காகக் கோபப்படுகிற கடவுளை அதில் காண்கிறாள். இத்தனை நாள் இதை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்கிறாள். ஏழைகளுக்காக வந்தோம் என்ற மடத்துக்குள் பணக்காரப் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கிறது. தலித் பெண்களைச் சில சபைகளில் சேர்த்துக்கொள்வதில்லை என்ற பேச்சு அவள் காதில் விழுகிறது. ஊரில் கல்லறைத் தோட்டத்துக்கும் தகராறு. ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரைந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் ஒருமுறை அந்தப் புத்தகத்தை முழுதாகப் படிக்கட்டும்.

அண்ணன் ராஜ் கௌதமன். தமிழ்ப் பேராசிரியர், ஆய்வாளர். 2024 நவம்பரில் நம்மை விட்டுப் போனார். தலித் பண்பாடு பற்றி அவர் எழுதியவை எங்களைப் போன்றவர்களுக்குக் கண் திறந்தவை. 2002இல் வெளிவந்த சிலுவைராஜ் சரித்திரம் நாவலில் ஒரு கத்தோலிக்கத் தலித் பையனின் வாழ்க்கையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். பூசைக்கும் பள்ளிக்கும் விடுதிக்கும் நடுவே ஓடி, படித்து, பட்டம் வாங்கி, வேலைக்கு அலைந்து, கடைசியில் சான்றிதழுக்காக இந்துவாக மதம் மாற வேண்டிய இடத்துக்குச் சிலுவைராஜ் வந்து சேர்கிறான். படித்துச் சிரித்தோம். பிறகு இ-சேவை மையத்து வாசலில் அந்த அக்கா நின்றபோது அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கியது. ஏனென்றால் அவருக்கும் யாரோ அதே யோசனையைச் சொல்லியிருந்தார்கள். “பேரை மாத்தி, கெசட்ல போட்டு, கோயில்ல ஒரு சீட்டு வாங்கிட்டு வந்திருங்க” என்று. வீட்டில் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லையாம். எழுபது வயதுக் கிழவி, எழுதப் படிக்கத் தெரியாதவர், சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்பவர்.

அந்தக் கிழவியின் பாட்டன் காலத்தில் என்ன நடந்தது என்பதையும் ஆய்வுகள் சொல்கின்றன. இந்தப் பகுதி மிஷனரி ஆவணங்களில் வட திருநெல்வேலி. கேம்பிரிட்ஜிலிருந்து வந்த தாமஸ் ராக்லண்ட் 1854 முதல் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போனார். 1858இல் சிவகாசியில் இறந்தார். மிஷனரி வரலாறு எப்போதும் இப்படித்தான் எழுதப்படும்: அவர் வந்தார், அவர் சொன்னார், மக்கள் கேட்டார்கள். ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட நூலில் இதைத் தலைகீழாகக் காட்டினார். அவர் ஆராய்ந்தது வட தமிழகப் பகுதி. அங்கே பண்ணையடிமைகளாக இருந்த மக்களே மிஷனரிகளைத் தேடிப் போனார்கள். பள்ளிக்கூடம் கேட்டார்கள், வீட்டுமனை கேட்டார்கள், மிராசுதாரின் அடியிலிருந்து பாதுகாப்புக் கேட்டார்கள். மிஷனரிகளில் பலர் இதைச் சோற்றுக்காக வந்த மதமாற்றம் என்று சந்தேகப்பட்டார்கள். இன்றைக்கும் ஆசை காட்டி மதம் மாற்றினார்கள் என்று சொல்கிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து எங்கள் பாட்டன்களுக்குப் புத்தியே இல்லை என்கின்றன. படிப்பும் மானமும் கேட்டது ஆசை என்றால், ஆம், ஆசைதான்.

இனி டெல்லிக்குப் போவோம். சூசை வழக்குக்குப் பின் ஆதாரம் சேரவே இல்லையா? சேர்ந்தது. முன்னாள் தலைமை நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா தலைமையிலான ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது. அந்த மூன்றாவது பத்தியை நீக்க வேண்டும், பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு முடிச்சுப் போடக் கூடாது என்றது. ஆணையத்தின் செயலர் மட்டும் மாறுபட்டு எழுதினார். 2008இல் தேசியச் சிறுபான்மையினர் ஆணையத்துக்காகச் சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே, கீதிகா பாப்னாவுடன் சேர்ந்து அதுவரை வந்த ஆய்வுகளையும் அரசின் புள்ளிவிவரங்களையும் தொகுத்தார். தலித் கிறிஸ்தவர்களுக்கும் தலித் முஸ்லிம்களுக்கும் இந்தத் தகுதியை மறுப்பதற்கு வலுவான ஆதாரம் எதுவுமில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. 2012இல் டேவிட் மோஸ், ராமநாதபுரச் சீமையின் ஒரு கத்தோலிக்கக் கிராமத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, புனிதரின் திருவிழா மரியாதைகளில் சாதி எப்படிப் பின்னிக் கிடந்தது, தலித்துகள் அதை எப்படி எதிர்த்தார்கள் என்று எழுதினார். ஆய்வாளர்களை விடுங்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும் சொன்னது.

ஆனால் 2022இல் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் என்ன சொன்னது? மிஸ்ரா ஆணைய அறிக்கையை ஏற்க முடியாது, அது கள ஆய்வு செய்யவில்லை என்றது. மறுபடியும் அதே ஆதாரக் கேள்வி. அந்த ஆண்டு அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் அமைக்கப்பட்டது. இரண்டு ஆண்டு என்றார்கள். பிறகு கால நீட்டிப்புத் தரப்பட்டது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழக சட்டமன்றம் கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்குப் பட்டியல் சாதித் தகுதி கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நவம்பரில், திருமுழுக்குப் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில், சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலுவைராஜின் குறுக்கு வழியும் அடைபட்டது.

இந்த இடத்தில் சபைகளைப் பற்றிப் பேசாமல் போனால் நாங்கள் நேர்மையற்றவர்கள் ஆவோம். ஆகஸ்ட் 10 வந்தால் கருப்பு நாள் என்று சட்டையில் கருப்புத் துணி குத்திக்கொள்கிறார்கள். நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறு. டெல்லிக்குப் போய், எங்களுக்குள் தீண்டாமை இருக்கிறது, எங்கள் மக்களுக்குத் தகுதி கொடுங்கள் என்கிறார்கள். ஊருக்குத் திரும்பியதும், எங்கள் சபையில் சாதியே இல்லை என்கிறார்கள். எது உண்மை? 2008இல் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதற்காகத் தாக்கப்பட்டதும், அடுத்து நடந்த துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனதும் எல்லோருக்கும் தெரியும். திருச்சிக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நின்ற சுவரும் தெரியும். ஆனால் ஒவ்வொரு பங்கும் ஒவ்வொரு சபையும் அவற்றை அடுத்த ஊர்க் கதையாகத்தான் பேசுகிறது. ஒருமுறை ஒரு சபையில் தலித் விடுதலை ஞாயிறு அன்று பேச எங்களை அழைத்தார்கள். அந்த ஊர்க் கல்லறையைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டோம். “அது வேண்டாம் தம்பி, பொதுவாப் பேசுங்க” என்றார் பெரியவர். பொதுவாகப் பேசிவிட்டு, கேசரி சாப்பிட்டு வந்தோம். அன்று நாங்களும் கோழைகள்தான்.

ஆதாரம் கொடுக்க வேண்டுமானால் முதலில் பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இதுதான் சபைகளின் சங்கடம். நல்ல ஆய்வுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பது அவர்களுக்கு வசதியாகவும் போய்விட்டது. அரசரடியிலும் குருகுலத்திலும் எங்கள் பகுதிப் பிள்ளைகள் எழுதிய ஆய்வேடுகள் அலமாரியில் இருக்கின்றன. எழுதியவர் ஐயராகி எங்கோ ஒரு சேகரத்துக்குப் போய்விடுகிறார். அவர் எழுதியது எந்த ஊரைப் பற்றியோ அந்த ஊருக்குப் போய்ச் சேர்வதில்லை.

அதனால் சென்ற ஆண்டு எங்களில் சிலர் ஒரு சின்ன வேலையைத் தொடங்கினோம். அதை ஆய்வு என்று சொல்ல எங்களுக்குக் கூச்சம். நாற்பது பக்க நோட்டு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து ஊர்களில் உட்கார்ந்து கேட்டு எழுதுகிறோம். சப்பரம் எந்தத் தெரு வரை வருகிறது, எங்கே திரும்பிவிடுகிறது? கல்லறையில் யாருக்கு எந்த மூலை? கமிட்டியில் யார் யார்? ஆலயத்தில் வேதபாடம் வாசித்த முதல் தலித் பெண் யார், எந்த வருஷம்? இரண்டு தெருக்களுக்கு நடுவே ஒரு கல்யாணமாவது ஓலை வாசித்து நடந்ததா? நல்லதும் எழுதுகிறோம். சாதி பாராமல் ஒரே குழியில் அடக்கம் செய்த ஊரும் உண்டு, முதல் பந்தியில் தோட்டிவேலை செய்தவரை உட்காரவைத்த உபதேசியாரும் உண்டு. ஆணையத்துக்குப் பாதகமாக இருக்குமே என்று ஒரு நண்பர் கேட்டார். இருந்தால் இருக்கட்டும், நடந்தது நடந்ததுதான் என்றோம். இதுவரை மூன்று நோட்டுகள் நிரம்பியிருக்கின்றன.

ஒரு மாலை அந்த நூற்பாலை அக்கா வீட்டுக்கும் போனோம். மகள் நர்சிங்கில் சேரவில்லை. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அவள் மதிப்பெண்ணுக்கு இடம் வரவில்லை. வேறு பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தாள். கொழுந்தன் மகள் நர்சிங் படிக்கிறாள். இருவரும் அன்று ஒரே திண்ணையில் உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கிழவிதான் பேசினார். தன் மாமனார் செத்தபோது கல்லறைத் தோட்டத்து வாசலில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், யார் வந்து என்ன சொன்னார்கள், கடைசியில் ஓடை ஓரமாக எங்கே புதைத்தார்கள் என்று ஒரு தேதி விடாமல் சொன்னார். மகள் எழுதினாள். நாலு பக்கம் வந்தது. முடித்ததும் கிழவி அந்த நோட்டை வாங்கி, எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

“இதை டெல்லிக்கு அனுப்புவீகளா, நம்ம ஐயர்கிட்டக் காட்டுவீகளா?”

“ரெண்டு பேருக்கும் பாட்டி.”

“அப்ப ஐயருக்கு முதல்ல காட்டுங்க” என்றார்.